ஏழு இடத்தில் பட்டிருந்தது

1

அடுத்த மாதம் வந்தால் என் சிநேகிதன் தனசேகர் இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அவனைத் தெரிந்திருக்கும். எண்பதுகளில் எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், டூல் ரூம் வேலை பார்த்தவர்களுக்கு நிச்சயம் தெரியும். உயரமாக, ஒல்லியாக, காதில் பென்சில் செருகியபடி நடப்பான்.

நான் இருப்பது கனடாவின் தெற்குக் கோடியில் ஒரு ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. ஊர் முழுக்க அச்சுப் பட்டறைகள். காரின் பிளாஸ்டிக் பாகங்களை வார்க்க, இரும்புக் கட்டியை வெட்டி மோல்டு செய்கிறோம். அம்பத்தூரில் கற்ற அதே தொழில்தான், மெஷின்தான் வேறு. இங்கே ஜூலையில் வெயில் கொளுத்தும் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆவடியில் இருக்கும் சிநேகிதன் மூர்த்திக்கு எழுதினால், "ஐஸ் கட்டியில குந்திகினு கதை வுடாத" என்று பதில் போடுவான். ஆனால் கொளுத்தும். ஏரிகளிலிருந்து ஈரம் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

போன வருடம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவி சுமதி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. பள்ளி விடுமுறையில் இருந்த மகள் நித்யா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டியின் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: 'டானா சேகர் எக்ஸ்பயர்ட். கால் மூர்த்தி அங்கிள்.'

நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அது என்னப்பா, மேகஸினா?" என்று டிவியிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "ரின்யூ பண்ணணுமா?"

அவளுக்கு அப்போது பதினோரு வயது. இந்த நாட்டில் ஒரு பொருளோ சந்தாவோதான் எக்ஸ்பயர் ஆகும். மனிதர்கள் ஆவதில்லை. மூர்த்தி போனில் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைத்திருந்தாள்.

"இல்லம்மா" என்றேன். கை கழுவி, சோறு வைத்தேன். ஆவடியில் அப்போது நடுநிசி தாண்டியிருக்கும். போன் செய்ய முடியாது. சுமதி வந்து சீட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

2

காலையில் ஆறு மணிக்கு மூர்த்தியைக் கூப்பிட்டேன். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக ஐ.டி.ஐ. படித்தவர்கள். மூர்த்தி அவன் அப்பாவைப் போலவே ராணுவத் தொழிற்சாலையில் சேர்ந்து, அதே குவார்ட்டர்ஸில் இருக்கிறான்.

"வியாழக்கிழமை சாயங்காலம் மச்சான்" என்றான். "வேலை முடிச்சிட்டு கரையான்சாவடில பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்துகீறான். நெஞ்ச புடிச்சிகினு குந்திட்டானாம். யாரோ சோடா வாங்கிக் குடுத்தாங்களாம். பாதி குடிச்சிட்டு பாட்டில கீழ வச்சானாம். பஸ்ஸு வந்து ஏத்தலாம்னு பாத்தா, ஆளு இல்ல."

"எப்ப எடுக்கிறீங்க?"

"நேத்து காலையிலேயே எடுத்தாச்சு. எல்லாம் முடிச்சிட்டுதான் உனக்கு போன் போட்டேன். வெயிலு தாங்கல மச்சான், வச்சிகினு இருக்க முடியல."

"சரி" என்றேன்.

"நீ இன்னா, ஒண்ணுமே சொல்லமாட்டேன்ற?"

"கேட்டுகினுதான் இருக்கேன்."

அவனே கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வைத்தான்.

எட்டு மணிக்கு வாசலில் டோனியின் வேன் வந்து ஹாரன் அடித்தது. டோனி எங்கள் ஃபோர்மேன், இத்தாலிக்காரன். பட்டறையில் வேலை செய்கிற பத்துப் பேர் சேர்ந்து, சாயம் நிரப்பிய குண்டுகளால் ஒருவரை ஒருவர் சுடும் துப்பாக்கி விளையாட்டுக்குப் போவதாக ஒரு மாதமாகத் திட்டம். "போகாதீங்க" என்றாள் சுமதி. போகவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதை ஆங்கிலத்தில் சொல்வதற்கான தெம்பு எனக்கு இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினேன்.

3

அந்த விளையாட்டுக்குச் சமமான ஒன்றை நாங்கள் ஊரில் ஆடியிருக்கிறோம்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஏரி மே மாதத்தில் வற்றி, வெடித்துக் கிடக்கும். தனாவின் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். அவன் அப்பா அங்கே வயல் வேலை செய்தவர். வயல்கள் கம்பெனிகளாக மாறிய பிறகு அந்தக் கம்பெனிகளிலேயே மூட்டை தூக்கப் போனார். தனாவும் நானும் ஐ.டி.ஐ. முடித்து, எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். மீசை முளைத்து, சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில் அந்த ஏரிக்குள் இறங்கி, ஒருவர் மேல் ஒருவர் பந்தை எறிந்து ஆடுவோம். முதலில் சண்டை வரும். முதுகில் பட்டதா, படவில்லையா என்று. தனாதான் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு பக்கெட்டில் செம்மண்ணைக் கரைத்து, பந்தை அதில் முக்கி எறிவது.

"இனிமே எவனும் பொய் சொல்ல முடியாது மாமே" என்றான். "சட்டையே சொல்லிடும்."

சாயங்காலம் மூன்று பேரும் சிவப்பாக வீடு திரும்புவோம். துவைத்தாலும் போகாது. தனாவிடம் இருந்ததே இரண்டு சட்டை. அவன் அம்மா வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுவார். அடுத்த ஞாயிறும் அதே சட்டையோடு வருவான்.

4

மைதானம் ஊருக்கு வெளியே, சோளக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. கொஞ்சம் மரங்கள், பழைய டயர் அடுக்குகள், தகரப் பீப்பாய்கள். பத்து மணிக்கே காற்று நின்றுவிட்டது. முகம் முழுக்க மூடும் கவசம் கொடுத்தார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கழற்றக் கூடாது. குண்டு பட்டால் உடனே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட வேண்டும். நடுவராக இருந்த பெரியவர் இதை மூன்று தடவை சொன்னார்.

ஒரு குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கோலிக்குண்டு அளவு, மஞ்சள் நிறம். இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடியது. மோல்டு வேலை செய்கிறவன் கண் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடும்.

முதல் ஆட்டத்தில் நான் யாரையும் சுடவில்லை, யாரும் என்னைச் சுடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு டயர் அடுக்கின் பின்னால் போய்ப் படுத்தேன். கவசத்துக்குள் மூச்சு முட்டியது. கண்ணாடி ஆவி பிடித்து, எதிரே பச்சையாக ஏதோ அசைந்தது. எனக்கு எதிரணியில் லாம் இருந்தான். வியட்நாம்காரன், பட்டறையில் என் பக்கத்து மெஷின். மதியச் சாப்பாட்டை இருவரும் பகிர்ந்துகொள்வோம்.

தனாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நினைக்கவில்லை. டயரில் இருந்த பள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியாது. டக் டக்கென்று ஏதோ தட்டியது. யாரோ என் பெயரைக் கத்தினார்கள். மறுபடி தட்டியது. விசில் சத்தம் கேட்டு எல்லாரும் நின்றார்கள்.

நடுவர் என்னிடம் வேகமாக வந்தார். என் மார்பில், தோளில், வயிற்றில், தொடையில் எல்லாம் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. ஏழு இடத்தில் பட்டிருந்தது. ஒரு தடவைகூட நான் கையைத் தூக்கவில்லை. நான் தூக்காததால் அவர்களும் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"ஏமாற்றுக்காரர்களுக்கு இங்கே இடமில்லை" என்றார் அவர்.

அந்த வார்த்தை மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

டோனி குறுக்கே வந்து, இவனுக்கு வெயில் தாங்கவில்லை என்று அவரைச் சமாதானப்படுத்தினான். லாம் என்னை மைதானத்துக்கு வெளியே ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், கவசத்தைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றினான். சட்டையைத் தூக்கிப் பார்த்தான். சிவப்பாக வட்டம் வட்டமாகக் கன்றியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டான். வலிக்கவில்லை.

"என் சிநேகிதன் செத்துட்டான். அவன் பண்ணாத தப்புக்கு அவன் வேலை போச்சு. அது நான் பண்ண தப்பு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் தமிழில் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. லாம் என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மீதித் தண்ணீரையும் ஊற்றினான்.

5

எண்பத்தேழாம் வருடம். சுமதிக்கு எட்டு மாதம். நான் காலை ஷிப்ட், தனா மதிய ஷிப்ட். இருவரும் ஒரே மில்லிங் மெஷினில் ஒரே மோல்டைச் செய்துகொண்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து ஐந்து மாதம் காத்திருந்து வரவழைத்த இரும்புக் கட்டி அது.

அந்த மெஷினில் ஆழத்தைக் கைச் சக்கரம் சுற்றி வைக்க வேண்டும். சக்கரத்தின் மேல் எண்கள் இருக்கும். ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டால் எண் மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கும். பார்த்தால் சரியாக இருப்பது போலவே இருக்கும். அன்று நான் சுற்றிக்கொண்டிருந்தபோது டீ வந்தது. குடித்துவிட்டு வந்து, எங்கே விட்டேன் என்று யோசிக்காமல் இன்னொரு சுற்று சுற்றினேன். வெட்டினேன். இரண்டு மணிக்குத் தனா வந்தான். மெஷினை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, குழாயடியில் மரத்தூளும் சோப்பும் போட்டு எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

உள்ளே சூப்பர்வைசரின் குரல் கேட்டது. அவர் ஆழம் அளந்து பார்த்திருக்கிறார்.

"யாருய்யா இத வெட்டுனது? கட்டியே போச்சே!"

ஈரக் கையோடு போய் நின்றேன். அளவைச் சொன்னார். சொன்னவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. சரியாக ஒரு சுற்று.

மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தவன் தனா. முந்தின மாதம்தான் ஓவர்டைம் விஷயத்தில் முதலாளியிடம் எதிர்த்துப் பேசியிருந்தான். சூப்பர்வைசர் அவனைப் பார்த்தார். தனா என்னைப் பார்த்தான். அந்த மெஷினில் இரண்டே பேர்தான்; அவன் வெட்டவில்லை என்றால் வெட்டியது நான்தான். அவனுக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

"நீதானே மெஷின்ல இருக்க?" என்றார் சூப்பர்வைசர்.

நான் வாயைத் திறக்கவில்லை. மூச்சு விடுகிற நேரம், இன்னொரு மூச்சு விடுகிற நேரம். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தது.

"ஆமா சார்" என்றான் தனா.

அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வேலைச் சான்றிதழ் தரவில்லை. விஷயம் எஸ்டேட் முழுக்கப் பரவியது. எந்த டூல் ரூமும் அவனைச் சேர்க்கவில்லை. வானகரத்தில் ஒரு சின்ன லேத் பட்டறையில் போல்ட் கடைந்தான். செத்த அன்று வரை அதே வேலைதான். என்னைவிட இரண்டு மடங்கு கைத்திறமை உள்ளவன்.

எங்கள் சிநேகிதம் உடையவில்லை. நித்யா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவன் அவன்தான். அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூன்று வருடம் கழித்து நான் கனடாவுக்கு மனு போட்டபோது, அதே கம்பெனி எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. 'பிழையின்றி வேலை செய்பவர்' என்று அதில் ஒரு வரி. விசா அதிகாரி அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார். விமான நிலையத்துக்கு வந்து என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த தனா, "அங்க நல்ல மெசினா இருக்கும் மாமே. பாத்து செய்" என்றான். அவ்வளவுதான்.

6

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கையைச் சக்கரத்தின் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. டோனி அலுவலகத்துக்கு அனுப்பினான். துக்கத்துக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு, எழுதிக்கொடு என்றான்.

அலுவலகப் பெண் ஒரு படிவம் தந்தாள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு? கீழே கட்டங்கள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, மாமனார் மாமியார். சிநேகிதனுக்குக் கட்டம் இல்லை.

அவள் நல்லவள். "உடன்பிறந்தவர் என்று போட்டுவிடட்டுமா? யாரும் கேட்க மாட்டார்கள்" என்றாள்.

வாழ்நாள் முழுக்க அவன் என்னை மாமே என்றான், நான் அவனை மச்சான் என்றேன். எந்தக் கட்டத்தில் போடுவது? பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் இல்லை நான். ஆனாலும் அன்று கை போகவில்லை. படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போனேன்.

7

தனாவின் மனைவி கஸ்தூரியிடம் பேச வேண்டும் என்று மூர்த்திக்குச் சொன்னேன். அவர்கள் வீட்டில் போன் இல்லை. காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் வீட்டுக்கு வரவழைத்தான். இங்கே காலை எட்டு, அங்கே சாயங்காலம்.

"ரவிண்ணா, நல்லா கீறியா? அண்ணி, பாப்பா நல்லா கீறாங்களா?" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது.

துக்கம் விசாரிக்கிற வார்த்தைகளைச் சொன்னேன். அவளும் அதற்கான பதில்களைச் சொன்னாள். அப்புறம் சொன்னேன்.

"கஸ்தூரி, அந்த மோல்டு விஷயம். தனாவை வேலைய விட்டு அனுப்பினாங்களே. அத வெட்டுனது அவன் இல்ல. நான்."

மூர்த்தி வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாண்ணா சொல்ற?"

மறுபடி சொன்னேன்.

"எங்கிட்டயே தாந்தான் பண்ணேன்னு சொன்னாரே. பதினோரு வருசம்ணா. ஊட்ல சண்ட வந்தா நான் அத்தத்தான் எடுப்பேன். கைல தொழில வச்சிகினு கோட்ட வுட்டியேன்னு கேப்பேன். எத்தினி வாட்டி கேட்டுகீறேன்! தலைய குனிஞ்சிகினு சோத்த துன்னுட்டு போவாரு. ஒரு வாட்டி வாயத் தொறக்கலியே."

"தெரியும் கஸ்தூரி..."

"உனக்கு இன்னா தெரியும்?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இத்த இப்ப இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்ற? அவரு இருக்கச்சொல்ல சொல்லிகீணும். இனிமே நான் அந்த ஆள கூப்டு, தப்பா பேசிட்டேன்யான்னு சொல்ல முடியுமா?"

"மன்னிச்சிடும்மா."

"அதெல்லாம் வாணாம்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கைச் சிந்தினாள். பிறகு பேசியபோது குரல் கெட்டியாக இருந்தது.

"மாலதி பாலிடெக்னிக்ல சேந்துகீறா. மெக்கானிக்கல். அவங்கப்பாதான் சேத்துவுட்டுட்டு போனாரு. அங்க ஒரு வாத்தியாரு, எஸ்டேட்ல இருந்தவராம். மோல்ட கெடுத்த தனசேகர் பொண்ணா நீன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. ஊட்டுக்கு வந்து அளுதா. நீ எழுதி அனுப்புண்ணா. உங் கையெழுத்துல, தமிழ்ல. எந்த மெசினு, எவ்ளோ வெட்டுன, எப்டி வெட்டுன, எல்லாம் எழுது."

"எழுதுறேன்" என்றேன்.

8

நான்கு நாள் ஆயிற்று ஒரு பக்கம் எழுத. தமிழ் எழுதிப் பல மாதம் ஆகியிருந்தது. எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. சமையலறை மேஜையில் எழுதிக்கொண்டிருந்தபோது நித்யா எதிரே வந்து உட்கார்ந்தாள். யாருக்கு என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். பாதி புரிந்தது, மீதியைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"அந்த அங்கிள் உன்னைக் காட்டிக் கொடுக்கலையா?"

"இல்ல."

"நீ ஏன் சொல்லல?"

"பயம்."

"என்ன பயம்?"

நீ பிறக்க இருந்தாய் என்று வாய் வரை வந்தது. அதை அவள் தலையில் வைக்கக் கூடாது. "வேலை போயிடும்னு பயம்" என்றேன். அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சரிதான் என்று பட்டது.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து மாலதியிடமிருந்து பதில் வந்தது. அழகான கையெழுத்து. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. 'கடிதத்தை சாரிடம் காட்டினேன். படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அப்பாவைத் தெரிந்தவர்கள் எஸ்டேட்டில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. நீங்கள் பத்திரிகைக்கு அனுபவங்கள் எழுதுவீர்கள் என்று மூர்த்தி மாமா சொன்னார். அதில் எழுதுங்கள்.'

எட்டு மாதமாக அவள் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். பனி வந்தது, போனது. வேலைக்குப் போனேன், வந்தேன். டோனி இந்த வருடமும் வேன் ஏற்பாடு செய்திருக்கிறான். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். முழுவதையும், ஆங்கிலத்தில். அவன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கடைசிவரை கேட்டான்.

ஆகவே அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த இரும்புக் கட்டியில் கைச் சக்கரத்தை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, ஆழமாக வெட்டிப் பாழாக்கியவன் நான். என் பெயர் ரவி; காலை ஷிப்ட். மதியம் ஷிப்ட் மாறி சூப்பர்வைசர் அளவு பார்க்க வந்தபோது, தனசேகர் அந்த மெஷினின் ஸ்விட்சைக்கூட இன்னும் போட்டிருக்கவில்லை.